பிள்ளை பெறாதவள் கொடுத்த பால்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. முன்னே நடந்தது பின்னே போய்விடும், பின்னே நடந்தது முன்னே வந்துவிடும். பாதி மறந்தும் போச்சு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குள் அழியாமல் நிற்பது ஒரு கூடை. பனை ஓலைக் கூடை, மேலே கோணி போட்டு மூடியது. எங்கள் தெருக்கோடியில் பனைமரத்தடியில் ஆளில்லாமல் இருந்தது. கருவாட்டுக் கூடையை யாரும் அப்படி வெயிலில் விட்டுப் போக மாட்டார்கள். நாய் இழுக்கும், காக்கா கொத்தும். அன்றைக்கு ஒரு காக்காகூட அதன் பக்கத்தில் இறங்கவில்லை. அதை என் கண்ணால் பார்த்தேன்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து கடல் பக்கம் போகிற வழியில், ஏரிக்குக் கீழே எங்கள் ஊர். பாகிஸ்தானோடு சண்டை நடந்த வருஷம் அது. அப்பா பட்டாளத்தில் இருந்தார். எங்கள் ஜனங்களுக்கு அப்போது சொந்த நிலம் கிடையாது. அப்பா அனுப்பியதை வைத்து, அம்மாவும் பக்கத்து வீட்டில் இருந்த பெரியப்பாவும் கொஞ்சம் நிலத்தை விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார்கள். கதிர் முற்றி நின்ற நேரத்தில் தம்பி பிறந்தான். அவன் பிறந்த கையோடு அம்மாவுக்குப் பெரியம்மை போட்டது. அம்மை போட்ட வீடென்றால் ஆத்தா வந்திருக்கிற வீடு. வாசலில் வேப்பிலை செருக வேண்டும். வெளியாள் உள்ளே வரக் கூடாது, அந்த வீட்டார் களத்திலோ வயலிலோ கால் வைக்கக் கூடாது. அடுப்பில் தாளிக்கக் கூடாது, மீன் கருவாட்டு வாசனை தெருப்பக்கமே வரக் கூடாது. அழுகைச் சத்தமோ சாவுச் சேதியோ உடம்பு சரியில்லாதவர் காதில் விழவே கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாவை அனுப்பும்வரை அப்படித்தான். எங்கள் நெல்லை அறுக்கக் கூலிக்குக்கூட யாரும் வரவில்லை. பெரியப்பா ஒண்டியாகக் கொஞ்சம் அறுத்தார். மிச்சமெல்லாம் உதிர்ந்து, மழையில் சாய்ந்து, நின்ற இடத்திலேயே முளைவிட்டது.

அம்மாவுக்குப் பால் நின்றுபோனது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் அம்மை குத்தியிருந்ததால், தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நான்தான் உட்கார்ந்திருப்பேன். ஆட்டுப்பால் தந்தால் கக்கினான். கஞ்சித் தண்ணீரும் தங்கவில்லை. கத்திக் கத்திக் கடைசியில் குரல் பூனைக்குட்டிபோல ஆகிவிட்டது. பெரியப்பா அவன் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அப்போதுதான் கருவாட்டம்மா வந்தார். கடற்கரைக் குப்பத்திலிருந்து நடந்தே வந்து, கருவாட்டைக் கொடுத்து நெல் வாங்கிப் போகிறவர். பாதி நரைத்த தலை. பிள்ளை கிடையாது. அவரைப் பார்த்ததும் பெரியப்பா பாய்ந்தார்.

"ஏம்மே, கண்ணு தெரில உனக்கு? வேப்பில சொருவிக்கீது பாரு. ஆத்தா கீற தெருவுல கருவாட்ட தூக்கினு வரியே!"

"கூடைய பனமரத்தாண்டயே எறக்கிட்டேன் அண்ணாத்த. வெறுங்கையோடதான் நிக்கிறேன். அது இன்னா சத்தம்? புள்ளையா, பூனையா?"

அந்த அம்மா நேராக ஏரிக்குப் போய் முழுகிவிட்டு, ஈரப் புடவையோடு திரும்பி வந்து என் முன்னால் கையை நீட்டினார். "குடு." தம்பியை மாரோடு அணைத்துக்கொண்டு வேப்பிலைக்கு அடியிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவன் முழுங்குகிற சத்தம் கேட்டது. கடைவாயில் பால் வழிந்தது. பெரியப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"ஏம்மே, உனக்கு ஏது புள்ள?"

"இல்ல அண்ணாத்த. அதான் இதுவரிக்கும் யாரும் பால் கேக்கல."

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். குப்பத்து ஆட்கள் எங்கள் தெருவில் உட்கார்வதுகூட அப்போது வழக்கமில்லை. அவர் உப்பில்லாத கூழைத்தான் குடிப்பார். அம்மாவின் உடம்பில் அவர் வேப்பிலையால் தடவிக்கொடுத்த இடமெல்லாம் எரிச்சல் அடங்கும். அவர் கை வைத்த பானைத் தண்ணீர் உச்சிவெயிலிலும் சில்லென்று இருக்கும். எதிர்வீட்டு அத்தை தன் வாசலில் நின்றபடியே கேலி பேசுவாள். "கருவாட்டுக்காரி பால குடிச்சினு கீறான், நாளைக்கு செவுளு மொளைக்கும் பாரு." "மொளைக்கட்டுமே. ஏரில முழுவாம இருப்பான். உன் புள்ளய போன வாரம் யாரு முடிய புடிச்சி இழுத்தது?" என்பார் இவர். அம்மை கண்ட வீட்டில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. நான் பாவாடையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஒரு பகலில் தம்பி பால் குடித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று வாயை எடுத்து வீரிட்டான். கருவாட்டம்மா வடக்கே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "இந்தப் பக்கம் நின்னுபூடுச்சி," என்றார். மறுபக்கம் மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, காரணமில்லாமல் தலையைத் தடவுவார். பிறகுதான் பெரியப்பாவுக்குச் சேதி வந்தது. தெருக்கோடியில் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தவரை இவர் போய் மறித்து வாயைப் பொத்தினார்.

"தெரியும் அண்ணாத்த. தண்ணி ஊத்துற வரிக்கும் வாய தொறக்காத. உள்ள ஒரு சொல்லு போச்சின்னா ரெண்டு உசுரு போவும்."

"என் தம்பிம்மே... கூடப் பொறந்தவன்..."

"துண்ட கடிச்சிக்க."

பெரியப்பா துண்டைக் கடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்பா போய்விட்டார் என்று நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். அழக் கூடாது என்றும் அதே மூச்சில் தெரிந்துகொண்டேன். தண்ணீர் கொண்டுபோகும்போதெல்லாம் அம்மா, "அப்பாகிட்டேர்ந்து சேதி எதுனா வந்துச்சாடி?" என்று கேட்பாள். தலையை மட்டும் ஆட்டுவேன். என்ன ஆட்டினேன், ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது.

மூன்றாவது, கடைசித் தண்ணீர் ஊற்றின அன்றைக்கு அம்மாவுக்குக் கண்கள் தெளிந்தன. கருவாட்டம்மா தம்பியை அவள் மடியில் போட்டார்.

"எனக்கு வத்திப்பூடுச்சி தங்கச்சி. இனிமே நீதான்."

"எனக்கு இனிமே எங்க வரும்க்கா?"

"வரும். வாயில வை."

வந்தது. அவன் குடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, அவர்தான் சொன்னார், "உன் வூட்டுக்காரரு இல்லம்மா" என்று. அம்மா போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்தச் சத்தத்திலும் தம்பி வாயை எடுக்கவில்லை. நாங்கள் அழுது ஓய்ந்து பார்த்தபோது கருவாட்டம்மாவைக் காணோம். அம்மை கண்ட வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமலே போய்விட்டார்.

கூடையை எடுத்துக்கொண்டு போகவில்லை. அறுத்த நெல்லில் கொஞ்சம் அதில் போட்டு, தை மாதத்துக்குப் பிறகு அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு குப்பத்துக்கு நடந்தாள். வலை காயப்போட்டிருந்த மணலில் அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தார். கூடையைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"அக்கா பூட்டா. வந்த கையோட அம்ம வாத்துது, தலைக்கி தண்ணி ஊத்தக்கூட இல்ல," என்றவர், தம்பியைக் காட்டி, "இதான் அந்தப் புள்ளையா? பொழச்சிக்கிச்சா?" என்று கேட்டார்.

அம்மா தலையாட்டினாள்.

"கடைசி வரிக்கும் ஒரு பக்கத்து மார புடிச்சிக்கினே கெடந்தா. கல்லாட்டம் பால் கட்டிக்கினு வலிக்குது, புள்ளய தூக்கினு வாங்கடின்னு அரற்றுனா. புள்ளையே பெறாதவளுக்கு எங்கடி பால் கட்டும்னு நாங்க சிரிச்சோம்."

அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்தாள். "வத்திப்பூடுச்சின்னு சொன்னாளே," என்றாள். தம்பியை மடியிலிருந்து எடுத்து அந்தத் தங்கையின் கையில் கொடுத்தாள்.

தம்பி மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டான். போன மாசம் நானும் அவனும் அந்தப் பக்கம் காரில் போனோம். நெம்மேலியில் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிற இடம் இருக்கிறதே, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் என்று நான் சொல்ல, அவன் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். சுற்றுச்சுவரும் கேட்டுமாக இருந்தது. குப்பம் அதற்கு வடக்கேயா தெற்கேயா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வருஷத்தையும் நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவின் பெயரை அவருடைய தங்கை சொன்னாரா, நாங்கள்தான் கேட்கவில்லையா, அதுவும் நினைவில்லை. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், விசாரித்துப் பிழையைத் திருத்துங்கள். பெயர் கிடைத்தால் தம்பியிடம் சொல்லுங்கள். அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.