தாழ்ப்பாள் போட்ட அறை

காலை ஐந்து ஐம்பது. திருச்சி ஜங்ஷனில் சென்னை ரயில் நின்றதும் நான் முதலில் பார்த்தது ஒரு ஜோடி ஷூ. நீல முதுகுப்பையில் நாடாவால் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தது. அவள் பெட்டியை நோக்கித் திரும்பியபடி இறங்கியதால் முகம் பிறகுதான் தெரிந்தது. பதினாறு வயது, பின்லாந்து. எங்கள் வீட்டில் பத்து மாதம் தங்கிப் படிக்க வந்தவள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. மாணவர்களை நாடு மாற்றி அனுப்பும் ஓர் அமைப்பு அவளை அனுப்பியிருந்தது. பதிலுக்கு அடுத்த ஆண்டு என் அண்ணன் அவள் நாட்டுக்குப் போய் ஒரு குடும்பத்தோடு தங்குவான். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை அமைப்பின் உள்ளூர்ப் பொறுப்பாளர் வந்து, அவளிடமும் எங்களிடமும் தனித்தனியாக விசாரிப்பார். யாராவது ஒருவர் சரிப்படவில்லை என்று சொன்னால் அவள் வேறு வீட்டுக்குப் போவாள். அண்ணனின் இடமும் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடும். இதற்காக ஓராண்டு ஆங்கிலம் பேசிப் பழகிய அண்ணன், அவள் வந்த பிறகு ஒரு சொல்கூடப் பேசவில்லை. வெட்கம். பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்த அந்த வாரம் மூன்று வேளையும் மேல்மாடி நண்பன் வீட்டில் சாப்பிட்டான்.

என் கவலை வேறு. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் இருந்த எங்கள் ஃபிளாட்டில் எனக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. அதைத்தான் அவளுக்குக் கொடுத்தார்கள். என் புத்தகங்கள் ஃபிரிட்ஜுக்கு மேல் ஏறின. நான் அப்பா அம்மா அறையில், தரையில் பாய் விரித்துப் படுத்தேன்.

முதல் நாள் இட்லி சாப்பிட்டு முடித்ததும் அவள் சிரித்தபடி நன்றி சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. சமையலறையில் அம்மாவின் கை நின்றது.

எங்கள் வீட்டில் பகலில் அறைக்கதவு சாத்தும் வழக்கம் இல்லை. தாழ்ப்பாள் போடலாம் என்ற உரிமை குளியலறைக்கு மட்டும்தான். மற்ற எந்தக் கதவு மூடினாலும் உள்ளே இருப்பவருக்குக் கோபம் என்று பொருள். கல்யாணப் புடவை விஷயத்தில் அத்தை ஒருமுறை இரண்டு நாள் மூடிக்கொண்டிருந்தாள். அப்படி மூடியவரை வெளியே கொண்டுவரும் முறையும் உண்டு. அரை மணிக்கு ஒருமுறை சாப்பிட ஏதாவது கொண்டுபோய்க் கதவைத் தட்ட வேண்டும்.

“போய் என்ன கோவம்னு கேளுடி” என்றாள் அம்மா.

அப்பா காலையிலேயே சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த தன் மின்சாமான் கடைக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். தட்டினேன். கையில் புத்தகத்தோடு திறந்தாள். கோபம் ஒன்றும் இல்லை, படிக்கிறாள் என்று வந்து சொன்னேன்.

“கோவம் இல்லாம யாராச்சும் தாப்பா போடுவாங்களா? நீ சரியா கேக்கல.”

பிறகு தட்டுகள் போகத் தொடங்கின. மோர், முறுக்கு, ரவா லட்டு, ஜீயபுரத்து மாமா தாரோடு அனுப்பிய பூவன் பழம். கொடுத்ததை மறுப்பது மரியாதை இல்லை என்று அவளுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சாப்பிட்டுக் காலித் தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு மறுபடி கதவைச் சாத்தினாள். புதன்கிழமை அவளுக்கு வயிறு கெட்டது. அம்மா கஞ்சி வைத்து அனுப்பினாள். அதையும் குடித்தாள்.

வியாழனன்று எதிர் ஃபிளாட் அக்கா வாசலில் நின்று அறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, வெள்ளைக்காரப் பொண்ணு வந்திருக்குன்னாங்க, கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறீங்க? பூட்டி வச்சிருக்கீங்களா?”

“வெயில் ஒத்துக்கல அதுக்கு” என்று அம்மா சொன்னாள். வாசல் கதவைச் சாத்திய பிறகு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலை மோர் கொண்டுபோனபோது அவள் என்னை உள்ளே கூப்பிட்டாள். கண் ஓரம் சிவந்திருந்தது. தூசி என்று நினைத்தேன். நான் கதவைச் சாத்துவது உன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையா, திறந்தே வைக்க வேண்டுமா, உண்மையைச் சொல் என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். அவள் இப்படியே சாத்திக்கொண்டிருந்தால் அம்மா பொறுமை இழப்பாள். ஞாயிற்றுக்கிழமை பொறுப்பாளரிடம் சொல்லிவிடுவாள். என் அறை எனக்குத் திரும்பும். அண்ணனின் பயணம் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

“அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். நீங்க தாராளமா மூடிக்கலாம்னு சொல்லச் சொன்னாங்க” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அவள் என்ன கேட்டாள் என்று அம்மா விசாரித்தபோது தோளைக் குலுக்கினேன். அவளிடம் சொன்னது பொய். அம்மாவிடம் தோளைக் குலுக்கியதை எதில் சேர்ப்பது என்று இன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அம்மா சொன்னாள்: “ஏங்க, வேற நல்ல வீடா பாத்து விடச் சொல்லிடலாங்க. வந்த நாள்லேர்ந்து ரூமுக்குள்ளயே கெடக்குது. நமக்குப் பாக்கத் தெரியலை.”

“பையன் போறது?”

“அவன் போகாட்டிப் போறான். அந்தப் பொண்ணுக்கும் ஒரு அம்மா இருப்பாங்கல்ல.”

ஷூ மாட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு அது கேட்டது. ஒரு கால் ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் நினைத்தது நடந்துகொண்டிருந்தது. ஆனால் நான் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பொறுப்பாளர் வந்தார். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கையில் இரண்டு படிவங்கள். முதலில் என் அறையில் அவளோடு கால் மணி நேரம் பேசினார், கதவைச் சாத்திக்கொண்டு. அம்மா ஹாலில் அந்தக் கதவையே பார்த்தபடி நின்றாள். வெளியே வந்து அவர் சிரித்தார்.

“ரொம்ப நல்ல வீடுங்குதும்மா. மொத நாலு நாள் அவங்க வீட்டு நெனப்புல அழுதுட்டே இருந்திருக்கு. யாரும் பாக்காம அழணும்னு இருந்துச்சாம். நீங்கதான் தாராளமா கதவை மூடிக்கச் சொன்னீங்களாமே? எங்க வீட்டுலகூட இவ்வளவு புரிஞ்சுக்க மாட்டாங்கன்னு சொல்லுது. சாப்பாடு மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கலாமான்னு கேக்குது. கதவை மூடிக்கச் சொன்னது நீங்கதானே?”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“ஆமாங்க சார், நான்தான் சொன்னேன்” என்றாள் அம்மா. பேனாவை வாங்கி, படிவத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

அடி விழும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். விழவில்லை. அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்கும் தைரியமும் வரவில்லை. திங்கள் முதல் தட்டுகள் நின்றன. பத்து மாதமும் நான் பாயில் படுத்தேன். கிளம்பும்போது அவள் அந்த ஷூவை எனக்கு விட்டுப்போனாள். மூன்று அளவு பெரியது.

அடுத்த ஜூலையில் அண்ணன் போனான். விமான நிலையத்திலிருந்து திரும்பியபோது காலை பத்தரை. அம்மா நேராக என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

நான் ஒரு தட்டில் இரண்டு முறுக்கும் ஒரு பழமும் வைத்து எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு யார் மேல் கோபம் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா என் கையிலிருந்த தட்டை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

ஒன்றே காலுக்குக் கதவு திறந்தது.