கிரிண்டல்வால்டில் ஒரு ஸ்கீ வகுப்பும் பெரியப்பாவின் ராகுகாலமும்

2009 பெப்ரவரித் தொடக்கத்தில் லண்டனில் பனி கொட்டி பஸ்கள் நின்றபோது, அக்காவின் மகள் அபி கோலியர்ஸ் வுட் பூங்காவில் தேநீர்த் தட்டில் சறுக்கினாள். ஏழு வயது. அன்றிலிருந்து ஒரே பாட்டு: உண்மையான மலையில் ஸ்கீ பழக வேண்டும். பாடசாலை விடுமுறை வாரம் என்பதால் எங்கும் இடமில்லை. கடைசியில் சுவிஸில், கிரிண்டல்வால்டின் தொடக்கநிலைச் சரிவில், சனிக்கிழமை பதினொன்றரை மணி வகுப்பில் ஓர் இடம் கிடைத்தது. நாற்பத்தைந்து பிராங்க். ஞாயிறு காலை லண்டனுக்கு விமானம்.

வெள்ளி இரவு நான், அக்கா, அத்தான், அபி நால்வரும் பேர்ணில் பெரியப்பா வீட்டில் தங்கினோம். அங்கிருந்து இன்டர்லாக்கனில் மாறி, ரயிலில் ஒன்றரை மணி நேரம். காலை ஒன்பது மணிக்குச் சப்பாத்துப் போடும்போது பெரியப்பா மறித்தார்.

"ராகுகாலத்தில குழந்தையோட வெளிக்கிடுறதோ?"

"பெரியப்பா, சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை எண்டது யாழ்ப்பாணக் கலண்டர். இங்க ஏழரைக்குத்தான் விடியுது. இப்ப ராகுகாலம் இல்லை."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவில் உள்ள நேரத்தை எட்டாகப் பிரித்தார், பிழைத்தது, மறுபடி பிரித்தார்; ஒரு மணி நேரம் போனது.

"நீ சொன்னது சரிதான் பிள்ளை. இங்க பத்துக்குத்தான் தொடங்குது."

அப்போது மணி பத்து ஐந்து.

"இனிப் பதினொன்றரைக்குத்தான் வெளிக்கிடலாம். நீதானே சொன்னனீ!"

நான் அக்காவைப் பார்த்தேன். "பெரியவர் சொல்லை மீறிப் போய்ப் பிள்ளை காலை முறிச்சால் ஆர் பதில் சொல்லுறது?" என்றாள். பெரியம்மா உடனே சோறு போட்டாள்.

ஒன்றே முக்காலுக்குச் சரிவை அடைந்தோம். வகுப்பு முடிந்திருந்தது. அபி அழவில்லை; தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டேன் என்று மட்டும் நின்றாள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

கூடவே வந்த பெரியப்பா, அத்தான் இருபத்தைந்து பிராங்குக்கு வாடகைக்கு எடுத்த ஸ்கீப் பலகைகளை அவளுக்கு மாட்டச் சொன்னார். கறுப்புத் தோல் சப்பாத்தோடு பனியில் இறங்கி, ஸ்கீ நுனிகளைப் பிடித்தபடி பின்பக்கமாக நடந்தார்.

"முழங்காலை மடி! இருபது வருசமா ரீவியில பாக்கிறன், எனக்குத் தெரியும்."

"தாத்தா, விடுங்கோ!"

விட்டார், விழுந்தார். அபி ஒரு பஸ் நீளத்துக்குத் தனியே வழுக்கிப் போய், தானாகவே நின்று, திரும்பிப் பார்த்துக் கத்தினாள். நான்கு மணிக்குச் சரிவை மூடும் வரை அவளை வெளியே எடுக்க முடியவில்லை.

"பாத்தியளோ," பெரியப்பா சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டியபடி சொன்னார், "நல்ல நேரத்தில வெளிக்கிட்டது." எனக்குக் கோபப்படவும் தெம்பில்லை.

போக நினைப்பவர்களுக்கு: விடுமுறை வாரமென்றால் சிறுவர் வகுப்பை மாதக்கணக்கில் முன்பே பதியுங்கள். ஒரு சோடி காலுறை போதும். இரண்டு போட்டால் சப்பாத்து இறுக்கிக் கால் விறைக்கும். முதல் நாளே மலைக் கிராமத்தில் அறை எடுங்கள். சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்பி வரும்போது போகலாம்.