மகாராணி மிதித்த நட்டு

சிலமலை கிராமத்தில் ஜீப் ஓட்டும் மகாராணி தினமும் வண்டியை எடுக்கும் முன் ஒரு காரியம் செய்வாள். பின்சக்கரத்து நட்டுகளில் ஒவ்வொன்றாக ஸ்பானரை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதிப்பாள். ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒன்பது பெண்களும் அதைப் பார்த்த பிறகுதான் ஏறுவார்கள். போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த மிதிதான் தைரியம். பொம்பளை ஓட்டும் வண்டியா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களை அவள் அப்படி மிதித்துக் காட்டித்தான் ஏற வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிறு மதியம், வாசலில் வண்டியைக் கழுவிவிட்டு, பழக்க தோஷத்தில் மிதித்தாள். டக்கென்று சத்தம். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ஐந்து போல்ட்டுகளில் ஒன்று நட்டோடு முறிந்து விழுந்தது.

புருஷன் விஜயபாண்டி எட்டிப் பார்த்தான். "அதான் நாலு கெடக்குதுல்ல. நாளைக்கு ஓட்டிட்டு வந்து பாத்துக்கலாம்."

"ஒம்பது உசுரு ஏறுது. நாலை நம்பி மலையேற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, முறிந்த துண்டோடு போடிக்கு பஸ் ஏறினாள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை பிச்சைமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறிந்த இடத்தில் பாதி துரு, பாதிதான் பளபளப்பு.

"இது இன்னைக்கு ஒடஞ்சதில்ல தாயி. விரிசல் விட்டு நாளாச்சு. ஏறி மிதிக்கிறியோ?"

"கழண்டுறக் கூடாதேன்னு..."

"மிதிச்சா போல்ட்டு இழுபட்டு அத்துப் போகும். கைப்பலமே போதும். அந்தச் சக்கரத்துக்கு அஞ்சையும் மாத்திரு."

மகாராணி ஐந்து புது போல்ட்டுகளை வாங்கிக்கொண்டாள். இத்தனை நாளும் அவள் காட்டிய தைரியம் போல்ட்டைத்தான் தின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வேலையில் இறங்கினாள். நட்டுகளைத் தளர்த்தி, முன்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கி போட்டாள். சக்கரம் கழன்று வந்தது, அதன் பின்னாலிருந்த பிரேக் டிரம் அடம்பிடித்தது. கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டித்தான் கழற்ற முடிந்தது. பழைய போல்ட்டுகளைச் சுத்தியலால் பின்பக்கமாக அடித்து வெளியேற்றினாள். புதியதைப் பின்னாலிருந்து செருகி, முன்னால் வாஷர்களும் நட்டும் போட்டு முறுக்க முறுக்க, அது மெல்ல இழுபட்டு உள்ளே உட்கார்ந்தது. மூன்றாவது கோணலாகப் போனது. அதைத் தட்டி எடுத்து மறுபடி ஆரம்பித்தாள்.

"விடு, மெக்கானிக்கைக் கூப்பிடுவோம்" என்றான் விஜயபாண்டி.

"காலைல மெக்கானிக்கா ஓட்டப் போறாரு?"

பொழுது சாயும்போது ஜீப்பு தரையில் நின்றது. எதிரெதிர் நட்டாகப் பார்த்துக் கையாலேயே இறுக்கினாள். ஒருதடவை கால் தானாக ஸ்பானர் மேல் போயிற்று. பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பெண்கள் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் மூத்தவளான ஒச்சம்மாள் கேட்டாள்: "என்ன மகாராணி, இன்னைக்கு மிதிக்கல?"

ஒப்புக்கு ஒரு மிதி மிதித்தால் பேச்சு முடிந்தது. அவளுக்கு மனசு வரவில்லை.

"மிதிச்சு மிதிச்சே விரிசல் விட வச்சு ஒரு போல்ட்டை ஒடச்சுப்புட்டேன்க்கா. நேத்து அஞ்சையும் நானே மாத்திட்டேன். இனிமே மிதிக்க மாட்டேன்."

"அப்ப சனிக்கெழமை நாங்க ஏறினப்பவே அது விரிசல் விட்டிருந்துச்சா?"

"விட்டிருந்துச்சுக்கா. எனக்குத் தெரியல."

இரண்டு பேர் பஸ் நிறுத்தத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மகாராணிக்கு அவமானமாக இருந்தது. ஒன்பது பேரும் போய்விட்டால் நாளை முதல் இந்த ஜீப்பில் ஆள் ஏறாது என்பதும் தெரிந்தது. ஆனாலும் சொன்னதை அவள் மாற்றவில்லை.

ஒச்சம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "அந்த ஸ்பானரைக் கொண்டா."

ஏலக்காய் பறித்துக் காய்ப்பு ஏறிய கைகளால் ஐந்து நட்டையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. ஒன்றும் அசையவில்லை.

"ஏறுங்கடி" என்றாள் மற்றவர்களிடம். பிறகு ஸ்பானரை மகாராணியின் கையில் திணித்தாள்.

"நாளைக்கும் நான்தான் பாப்பேன்."