பூசையில் வைத்த துப்பாக்கி

லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் கடைக்குள் ஒருவன் புகுந்து கத்தி காட்டிக் கொள்ளையடித்த பிறகு, என் தம்பி எங்கேயோ ஒரு பழைய இராணுவத் துப்பாக்கி வாங்கி வந்தான். "அவன் திரும்பி வந்தால் சுடுவன், இதுக்குப் பொருந்துற தோட்டாதான் வேணும்" என்று போனில் தேடிக்கொண்டிருந்தான். சரஸ்வதி பூசைக்குக் கடைத் தராசை வைத்தபோது துப்பாக்கியையும் எடுத்து வைத்துப் பொட்டிட்டேன்.

"அக்கா, தோட்டா விக்கிற ஆளைப் பிடிச்சிட்டன். துப்பாக்கியைத் தா."

"பூசையில வைச்சதை விஜயதசமிக்கு முதல் எடுக்கேலாது."

முறைத்தான். ஆனால் மீறவில்லை, தோட்டா வாங்கப் போனான். எனக்கு இங்கிலீஷ் வராது. பொலிசுக்குப் போன் அடித்து, "கன், கன்" என்று சொல்லி விலாசத்தையும் சொன்னேன்.

தோட்டாவோடு திரும்பியவனை வாசலிலேயே பிடித்தார்கள்.

சிறையில் பார்க்கப் போனேன்.

"என்னை உள்ளுக்குத் தள்ளிப்போட்டியே."

"ஓம். நீ வெளியில வருவாய். நீ சுட்டிருந்தால், செத்தவன் வருவானோ?"

அன்றிலிருந்து அவன் என்னோடு கதைப்பதில்லை. நான் போய் அவன் முன்னால் இருந்துவிட்டு வருகிறேன். உயிரோடு இருந்துதானே கோபிக்கிறான்.