உள்ளே அரித்த சரக்கு

இன்று என் பேரத்தை என் முதுகெலும்பே கெடுத்தது.

தண்டையார்பேட்டையில் எனக்குப் பழைய இரும்புக் கடை. காசிமேட்டுப் படகுக்காரர் ஒருவர் இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார்.

தட்டிப் பார்த்து, "வெளியதான் கெட்டி, உள்ள அரிச்சிக்கீது. பாதி வெலதான்" என்று சொல்லி, தூக்கக் குனிந்தேன்.

கல்லாவிலிருந்த மனைவி கத்தினாள். "யோவ், தூக்காத! ஸ்கேன் பாத்து டாக்டர் இன்னா சொன்னாரு? வாதத்துல முதுகு கம்பியாட்டம் வெறச்சிக்கினாலும் உள்ள எலும்பு கரைஞ்சிகினு கீது, லேசா அடிபட்டாலே முறியும்னாரே!"

படகுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாத்தே, வெளிய கெட்டி, உள்ள அரிச்சிக்கீதா? அப்ப உனக்கும் பாதி வெலதானா?"

முடிவான பேச்சு: குழாய்க்கு முழு விலை. தராசில் தூக்கி வைப்பது அவர் பொறுப்பு. நான் இனிக் குனிவதில்லை. வாடிக்கையாளர் முன்னால் என் ஸ்கேனை அவள் வாசிப்பதில்லை.