ஐந்தாவது கட்டம் காலியாக இருந்த படிவம்

நான் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்து வருடம் ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்தும் என் குரலை உங்களில் பாதிப் பேர் கேட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க அந்தப் பட்டம் இன்னும் கற்றுத் தரவில்லை. ஆனால் நம் பஸ்காரர்கள் போடும் இந்த நினைவு மலரில் எல்லோரும் இலியாஸ் அண்ணனின் "சிரித்த முகம்" பற்றியே எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். அவர் பாதி நாள் எரிச்சலோடுதான் ஓசூரில் இறங்கினார். அந்த எரிச்சலை மூட்டியவர்கள் நாம்.

செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. "கேஜ் ரூம் இலியாஸ் மாரடைப்பால் காலமானார்" என்று டிரைவர் அண்ணன் பஸ் குரூப்பில் போட்டிருந்தார். அதைப் படிக்காமலே கோபாலப்பா சார் அதற்கு நேர் கீழே ஒரு வீடியோவை அனுப்பியிருந்தார். எங்கோ ஒரு நாட்டில், தொழுகை நேரத்தில், பள்ளிவாசலில் வெடித்த குண்டு. "பாய், இதுக்கு என்னா சொல்றீங்க?"

பிறகு அழித்துவிட்டார். நான் அதற்குள் பார்த்துவிட்டேன்.

பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் கேஜ் ரூமில் வேலை செய்த அண்ணன் கிருஷ்ணகிரியில் ஏறுவார், நான் குருபரப்பள்ளியில். கோபாலப்பா சார் தளிக்காரர். கிருஷ்ணகிரியில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். எந்த நாட்டில் முஸ்லிமை முஸ்லிம் கொன்றாலும் மறுநாள் காலை சூளகிரி வருவதற்குள் அண்ணன் பதில் சொல்லியாக வேண்டும்.

"அவனும் அல்லாங்கிறான், இவனும் அல்லாங்கிறான். அப்புறம் எதுக்கு பாய் வெட்டிக்கிறீங்க?"

"நான் யாரையும் வெட்டல கோபாலப்பா. உப்புமா சாப்ட்டுட்டு வந்து உக்காந்துக்கினு இருக்கேன்."

"பேச்ச மாத்தாதீங்க. மதத்துலயே கோளாறா, இல்லையா?"

"ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா டிராயிங்லயே தப்புன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிடுவியா? மெட்டீரியல், மெஷினு, ஓட்டுன ஆளு, எதையும் பாக்க மாட்ட?"

"சரி, டிராயிங்கையும் பாக்கணும் இல்ல?"

"பாக்கணும்" என்றார் அண்ணன். தனக்கு எதிரான வாதம் சரியாக இருந்தால் ஒப்புக்கொண்டுவிடுவார். அவரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், எரிச்சல் வந்ததும் அதனால்தான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு ஒய்-ஒய் படிவத்தையே எடுத்து நிரப்பிவிட்டார். ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் ஐந்து முறை ஏன், ஏன் என்று கேட்டு நாங்கள் காரணம் எழுதும் படிவம் அது. குறை: பள்ளிவாசலில் குண்டு. ஏன்? குண்டு வைத்தவன், தொழுதவர்கள் முஸ்லிம்களே இல்லை என்று நம்பினான். ஏன்? ஒருவர் அப்படிக் கற்றுக் கொடுத்தார். ஏன்? ஆட்சிக்கு ஆசைப்பட்டவர்கள் அவருக்கு மேடையும் ஆயுதமும் கொடுத்தார்கள். ஏன் ஜனங்கள் கேட்டார்கள்? மார்க்கத்தின் பெயரால் சொன்னதால். ஐந்தாவது கட்டம் காலி.

கோபாலப்பா சாரிடம் காட்டத்தான் அதை வைத்திருந்தார். மற்ற படிவங்களோடு அது என் மேஜைக்கு வந்தது. நான் படிக்காமலே துளை போட்டு ஃபைலில் கோத்துவிட்டேன். அடுத்த வாரம் வாடிக்கையாளர் கம்பெனி ஆடிட்டர் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். "இது எந்த பார்ட்?" என்று கேட்டார். மேனேஜர் படிவத்தை உருவி இரண்டாகக் கிழித்தார். "என் கவனக்குறைவு சார்" என்றார் அண்ணன். மெமோ அவருக்குப் போனது. ஃபைலைக் கட்டிப் பிடித்தபடி நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் அவரே சமாதானம் சொன்னார்: "விடும்மா ஸ்டெல்லா. அதுவும் ரிஜெக்ஷன்தான். சரியான ஃபைல்லதான் வெச்ச."

படிவத்தின் கதை பஸ் முழுக்கப் பரவி, அவருடைய மச்சான் வரைக்கும் போனது. மச்சான் ஒரு பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர். போனில் அவர் கத்தியது பின் சீட்டில் இருந்த எனக்கே கேட்டது. "ஒண்ணாவதையும் நாலாவதையும் அடிங்க. இஸ்லாத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!"

"கொல்றவன் வசனம் சொல்லிக்கினுதானே கொல்றான்? அது அவன் வாய்க்கு எப்படிப் போச்சுன்னு நாம கேக்காம வேற யாரு கேக்கறது?"

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கோபாலப்பா மூணாவத அழிக்கச் சொல்றாரு. மச்சான் ஒண்ணையும் நாலையும் அழிக்கச் சொல்றாரு. எல்லார் கையிலயும் ரப்பர் இருக்குது, பேனாதான் இல்ல. நீ என்னாம்மா சொல்ற?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தினமும் ஏன் உங்களை மட்டும் கேட்கிறார்கள் அண்ணா என்று சொல்ல நினைத்தேன்.

அடக்கத்தன்று வீட்டு வாசலிலும் வாக்குவாதம் அவரை விடவில்லை. மண் போட்ட பிறகு எல்லோரும் சேர்ந்து கையேந்தி துஆ செய்வதா, அவரவர் தனியாகச் செய்வதா என்று மச்சானுக்கும் ஜமாத் பெரியவர்களுக்கும் வார்த்தை தடித்தது. உள்ளே பெண்களோடு இருந்த நூர்ஜஹான் அக்கா, அண்ணனின் மனைவி, எழுந்து கதவருகே வந்தார். "முதல்ல அவர எடுங்க. அவருக்குக் காது கேட்டா ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல எழுந்து உக்காந்துடுவாரு."

தெருவில் நின்ற கோபாலப்பா சார் என்னைப் பார்த்தார். "பாத்தியா?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் நேராகப் போய், உடல் வைத்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார். மச்சானும் அதே பக்கத்தில் அவருக்குப் பின்னால் தோள் கொடுத்திருந்தார். அந்த இரண்டு தலைகளுக்கு மேலே அண்ணன் தெரு முனை திரும்பிப் போனார். போய் வாருங்கள் அண்ணா. அந்த மெமோ எனக்கு வந்திருக்க வேண்டியது. இப்போதாவது சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. நூர்ஜஹான் அக்கா, கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து, நான்கு மாதம் பத்து நாள் கழித்து, நம் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேருகிறார். இதே பஸ்ஸில்தான் வருவார். அதற்குள்ளோ அதற்குப் பிறகோ எங்காவது இன்னொரு குண்டு வெடிக்கும். மறுநாள் காலை தயவுசெய்து அவர் பக்கம் திரும்பாதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள். கிழிந்த படிவத்தை எடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன். நாலு வரியில் ஒன்றையும் அழிக்காமல், உங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, வாசித்துக் காட்டுகிறேன்.