வேகம் கேட்ட அல்போன்ஸ்

ஆறு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்தபோது முறிந்த இடது காலை, கட்டுப் போட்டவர் கோணலாகச் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு அல்போன்ஸ் நடந்த நடையெல்லாம் ஒரு தோளை இறக்கி ஒரு தோளை ஏற்றி நடந்ததுதான். படிப்பில் கெட்டிக்காரர். பிரெஞ்சு அழகாக எழுதுவார். பிரெஞ்சு சர்க்காரின் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் கொம்மி, அதாவது எழுத்தர், வேலை கிடைத்தது. வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக அவர் நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து கிளம்பினால், தெருவில் எவனாவது ஒருவன் பின்னாலேயே அவர் மாதிரி சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டுவான். வாசலில் நிற்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அல்போன்ஸ் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் இன்னும் சாய வேண்டியிருக்கும்.

அவர் மனைவி ஸ்டெல்லாமேரி நல்ல நிறம், நல்ல முகவெட்டு. கோவிலில் பூசை முடிந்து இருவரும் சேர்ந்து வெளியே வரும்போது, "இவளுக்குப் போயா இந்த மாப்பிள்ளை?" என்று காதில் விழும்படியே பேசுவார்கள். அப்போது ஸ்டெல்லாமேரி கணவன் பக்கமாக இன்னும் கொஞ்சம் ஒட்டி நடப்பாள், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் அல்போன்ஸுக்கு அந்தக் கார் கிடைத்தது. துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்த வெள்ளைக்காரர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது, அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக மனமில்லாமல், சும்மா கொடுக்கிற மாதிரி அல்போன்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். நீல நிறம். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. பின்புறம் மீன் வால் போலக் கூம்பியிருக்கும். கிளட்ச் மிதியின்மேல் ஒரு மரக்கட்டையைக் கட்டிக்கொண்டதும் இடது கால் எட்டிவிட்டது. முதல் நாள் கடற்கரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனபோது சாய்ந்து நடந்து காட்ட ஒருவரும் இல்லை. எல்லாரும் நின்று பார்த்தார்கள். உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு எந்தக் கால் குட்டை என்று யாருக்குத் தெரியும்?

அந்தக் காருக்கு ஆசைப்பட்டவர் இன்னொருவரும் ஊரில் இருந்தார். மணிலாக்கொட்டை, அதாவது நிலக்கடலை, ஏற்றுமதி செய்யும் குடும்பத்துப் பிள்ளை தெய்வசிகாமணி. அவரிடம் ஏற்கெனவே ஒரு பெரிய கார் இருந்தது. ஆனாலும் நீலக் காரைக் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தார். இன்ஜினியருக்கு அந்தக் குடும்பத்தோடு என்னவோ மனத்தாங்கல். கொடுக்கவில்லை. அது ஒரு சுங்கத்துக் கொம்மியின் கைக்குப் போனது தெய்வசிகாமணிக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஆனால் அல்போன்ஸிடம் அவர் முகம் சுளித்ததே கிடையாது. பார்க்கும்போதெல்லாம் "என்ன முசியே, கார் எப்பிடிப் பறக்குது?" என்று வெள்ளைக்காரரை அழைக்கும் பிரெஞ்சு மரியாதையோடு கேட்பார். அல்போன்ஸுக்கு அது பெருமையாக இருக்கும்.

காருக்குச் சின்னச் சின்ன வேலை பார்க்க அல்போன்ஸ் போனது ராமலிங்கத்தின் கராஜுக்கு. மில்லில் ஃபிட்டராக இருந்து கற்றுக்கொண்டவர் ராமலிங்கம். வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தெய்வசிகாமணியின் கார், லாரி எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். அதனால் சாயங்காலங்களில் தெய்வசிகாமணியும் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அல்போன்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இன்னும் கொஞ்சம் வேகம் வேணும் ராமலிங்கம். எனக்கு இதெல்லாம் புதுசு. மொதல்ல எதைச் செய்யணும்?"

ராமலிங்கம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தெய்வசிகாமணியைப் பார்த்தார். தெய்வசிகாமணி, "முசியே கேக்கிறாரு இல்ல, வெவரமா சொல்லு," என்றார். இருவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. நம்மையும் ஆளாக மதித்து உட்காரவைத்துப் பேசுகிறார்களே என்றுதான் அல்போன்ஸுக்குத் தோன்றியது.

"மூணு வழி இருக்குங்க முசியே," என்றார் ராமலிங்கம். "சைலன்சரைக் கழட்டிட்டு நேர் கொழாயா போட்டா புகை தடங்கல் இல்லாம வெளிய போவும். பெரிய கார்புரேட்டர் வெச்சா இன்ஜினுக்குத் தீனி சாஸ்தி. மேல இருக்கிற ஹெட்டைச் சீவி எறக்குனா உள்ள வெடி பலமா விழும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. கார் ஒங்களுது."

அவர் சொன்ன மூன்றும் உண்மைதான். ஒன்றில்கூடப் பொய் இல்லை.

அல்போன்ஸ் நேர்க்குழாயைத் தேர்ந்தெடுத்தார். மறுவாரம் கார் சிங்கம் போல உறுமிக்கொண்டு ஊருக்கு வடக்கே இருக்கும் கருவடிக்குப்பம் வரை போய் வந்தது. மாதாகோவில் மணிச் சத்தத்தையே அது அமுக்கிவிட்டதாக ஸ்டெல்லாமேரி சொல்லிச் சிரித்தாள். இரண்டு மாதம் கழித்துப் பெரிய கார்புரேட்டர் வந்தது. இப்போது மிதியைத் தொட்டாலே முதுகு இருக்கையில் போய் ஒட்டியது. அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட அல்போன்ஸின் வலது பாதம் மேசைக்கடியில் தானாக அமுங்கும்.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் சத்தம் காதில் விழ ஆரம்பித்தது. இன்ஜினுக்கு அடியில் யாரோ விரல் மடக்கித் தட்டுவது போல மெல்லிய சத்தம். மேடு ஏறினால் கொஞ்சம் கூடும்.

"அடியில ஏதோ தட்டுற மாதிரி கேக்குது ராமலிங்கம்."

ராமலிங்கம் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, "வால்வு சத்தம் முசியே. பந்தயக் கார்னா அப்பிடித்தான் இருக்கும்," என்றார்.

நாற்காலியிலிருந்த தெய்வசிகாமணி, "ஹெட்டையும் சீவிட்டா முடிஞ்சுதே," என்றார். "பாஸ்கு முடிஞ்ச ஞாயித்துக்கெழம ஒரு பந்தயம் வெப்போம். கருவடிக்குப்பத்துலேர்ந்து வடக்கால. என் வண்டியும் ஒங்க வண்டியும். என்ன முசியே, பயமா?"

பயமா என்று கேட்ட பிறகு அல்போன்ஸால் மறுக்க முடியவில்லை. மறுக்க ஆசையும் இல்லை. ஹெட்டைக் கழற்றி அரை நூல் கனம் சீவிப் பூட்டினார்கள்.

பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு அடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாதி ஊர் கருவடிக்குப்பத்தில் கூடிவிட்டது. தெய்வசிகாமணியின் காரில் அவர் பக்கத்தில் கணக்குப்பிள்ளை மண்ணாங்கட்டி உட்கார்ந்திருந்தார். நீலக் காரில் பக்கத்து இருக்கை காலி. பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓட்டினால் திருப்பத்தில் வண்டி சாயும் என்றார் தெய்வசிகாமணி. அல்போன்ஸ் ராமலிங்கத்தைக் கூப்பிட்டார். இன்ஜினைத் தொட்டவர் அவர்தானே, கூட வந்தால் தைரியமாக இருக்கும்.

ராமலிங்கம் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். "எனக்கு இடுப்புல பிடிப்பு முசியே."

வேறு யாரும் முன்வரவில்லை. கூட்டத்தில் ஒருவன், "நொண்டிக்குத் தொணை எவன்டா போவான்?" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஸ்டெல்லாமேரி முக்காட்டை இறுக்கிக்கொண்டு வந்து காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "போவலாங்க," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பிய வேகத்தில் நீலக் கார்தான் முன்னால் போனது. பனைமரங்கள் பின்னால் ஓடின. பெரிய கார் புழுதிக்குள் மறைந்தே போனது. ஸ்டெல்லாமேரி கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பயமும் சிரிப்புமாக என்னவோ கத்தினாள். அல்போன்ஸின் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு நேரம் இருந்ததில்லை. மிதியை அடிவரை அழுத்தினார்.

அடியில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் சம்மட்டி அடியாக மாறியது. அடுத்த நொடி வெடிகுண்டு போட்டது போல ஒரு முழக்கம். பிஸ்டனைத் தாங்கும் தண்டு முறிந்து இன்ஜினின் பக்கத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. இன்ஜின் மூடி பிய்ந்து எகிற, உள்ளே கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் பக்கத்து இருக்கைப் பக்கமாகச் சீறியடித்தது.

கார் வரப்பில் முட்டி நின்றது. ஸ்டெல்லாமேரி முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே விழுந்து அலறினாள். அல்போன்ஸ் இறங்கினார். நொண்டிக்கொண்டே ஓடினார். ஓடிப் போய் இன்ஜினுக்குள் குனிந்து பார்த்தார்.

எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று அவருக்கே தெரியாது. புழுதியோடு வந்து நின்ற தெய்வசிகாமணியின் காரிலிருந்து மண்ணாங்கட்டி குதித்து, மேல்துண்டை விரித்து அவளைத் தூக்கியபோதுதான் அல்போன்ஸுக்கு நினைவு திரும்பியது.

ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரீகள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. கட்டைப் பிரித்தபோது இடது கன்னமும் கழுத்தும் காதும் உருகிய மெழுகு போல ஆகியிருந்தன. ஒரு கண் இமை முழுதாக மூடவில்லை. ஸ்டெல்லாமேரி கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தாள். அழவில்லை. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு அல்போன்ஸ் கராஜுக்குப் போனார். காரைப் பழுதுபார்க்க முடியுமா என்று கேட்கத்தான் போனார். ராமலிங்கம் ஒளிக்கவே இல்லை.

"கீழ பேரிங் தேஞ்சு போயி ஆடிக்கிட்டு இருந்துச்சு முசியே. நீங்க மொதல்ல இங்க கொண்டாந்த அன்னிக்கே தெரியும். அதை மாத்தி, எண்ணெய் போற வழியைச் சரிபண்ணிட்டு அப்பறந்தான் வேகத்துல கை வெக்கணும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க வேகம் வேணும்னு கேட்டீங்க. பேரிங் வேணும்னா கேட்டீங்க?"

நாற்காலியில் இருந்த தெய்வசிகாமணி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அல்போன்ஸ் மேசைமேல் கிடந்த ஸ்பானரை எடுத்தார். ராமலிங்கம் அவசரமே படாமல் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு, "உக்காருங்க முசியே, விழுந்துடப் போறீங்க," என்றார். அல்போன்ஸ் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். தெரு முனை திரும்பும்வரை சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கார் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் கிடந்தது. தெய்வசிகாமணி உடைசலாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். அல்போன்ஸ் முடியாது என்றார். தினமும் வேலைவிட்டு வந்ததும் நேரே கொட்டகைக்குத்தான் போவார். உடைந்த இடத்தைத் தடவிப் பார்ப்பார். கரி துடைப்பார். உள்ளே ஸ்டெல்லாமேரி சமைத்துவைத்துவிட்டு, விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருப்பாள். இருவருக்கும் பேச்சு குறைந்துபோனது. பூசைக்குப் போவதை அவள் நிறுத்திவிட்டாள். அல்போன்ஸ் தனியாகப் போய்வந்தார்.

மழைக்காலத்தில் ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"கார் எங்க?"

"நான்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். தெய்வசிகாமணி வந்து இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு," என்றாள் ஸ்டெல்லாமேரி.

"அவங்கிட்டயா? நம்மள இந்தக் கதிக்கு ஆக்குனவன் அவன். அவங்கிட்டப் போயி…"

"அவரு செஞ்சது எனக்குத் தெரியும். ராமலிங்கம் செஞ்சதும் தெரியும்." அவள் முக்காட்டைத் தள்ளிவிட்டு, வெந்த பக்கத்தை அவருக்கு நேராகத் திருப்பினாள். "அன்னிக்கு நான் கீழ விழுந்து கத்துனப்ப, நீங்க எந்தப் பக்கம் ஓடுனீங்க?"

அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் திரும்பக் கேட்டதில்லை. ஒருதடவை கேட்டதே அவருக்கு ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது.

மறுவருஷம் பாஸ்கு நெருங்கும்போது ஒரு சாயங்காலம், இருவரும் கூடத்தில் இருந்தார்கள். ஸ்டெல்லாமேரி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அல்போன்ஸ் நாற்காலியில் நிமிர்ந்தார்.

நீலக் கார்தான். ராமலிங்கம் இந்தத் தடவை முறையாகச் செய்திருந்தார். முதலில் பேரிங், பிறகு எண்ணெய், பிரேக், கடைசியாகத்தான் மற்றவை. தெய்வசிகாமணி வேண்டுமென்றே அவர்கள் வாசலில் நிறுத்தி, மிதியை மெல்ல அழுத்தி அழுத்தி விட்டார். தட்டல் இல்லை, திணறல் இல்லை. சத்தம் ஒரே சீராக ஏறி, ஒரே சீராக இறங்கியது.

அல்போன்ஸ் எழுந்து சன்னலருகே போனார். அவமானத்தில் முகம் சுருங்கியிருக்க வேண்டும், வசவு வாயில் வந்திருக்க வேண்டும். அவருக்கு இரண்டும் வரவில்லை. கண்ணை மூடிக் கேட்டார். "எப்பிடி மூச்சு விடுது பாரு ஸ்டெல்லா," என்று சொல்லிவிட்டார். வலது பாதம் தரையில் தானாக அமுங்கியது. சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

ஸ்டெல்லாமேரி சல்லடையைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சல்லடையைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு, சன்னல் கதவுகள் இரண்டையும் இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டாள்.

"கொஞ்சம் இரு ஸ்டெல்லா," என்றார் அல்போன்ஸ். "அவன் போறவரைக்கும் தெறந்து வையேன்."

அவள் மாவுக்குத் திரும்பினாள். அல்போன்ஸ் சாத்திய கதவில் காதை வைத்து, வண்டி கிளம்பிக் கருவடிக்குப்பம் பக்கமாகப் போய் ஓயும்வரை நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.